கரண்டிக்கும் வாய்க்கும் நடுவே

வெள்ளனவே கஞ்சி வந்துவிடும்.
எப்சிபா கட்டிலில் ஏறிக் குந்தி
என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வாள்.
திரளி மீனைப் பிசைந்து
முள் கிடக்குதோ என்று விரலால் துழாவி
மறுகா ஊதி,
"திறவுங்க" என்பாள்.
திறப்பேன்.

பதினாலு மாதமாய் நான் பார்க்கிற
ஒரே வேலை இது.

டச்பார் முழுக்க லம்பர்ட் ஓடாவி என்றால் தெரியும்.
இப்போது பட்டறை பூட்டு, சீவுளியில் துரு.
கைகள் இரண்டும் இருக்கின்றன,
பஸ்ஸில் யாரோ மறந்துபோன குடைகளைப் போல.
விழுந்தது அவளுடைய சபையின் முகட்டிலிருந்து.
மழைக்கு முன் இரண்டு கைமரம் மாற்றித் தருகிறேன் என்று
காசு வாங்காமல் ஏறினேன்.
"பார்த்தியா, நற்செயல் என்னைத் தள்ளிப்போட்டது"
என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.

கட்டின நாளிலிருந்து இதுதான் எங்கள் சண்டை.
அவள் கிருபை என்பாள், நான் அருள் என்பேன்.
நம்பினால் போதும் என்பாள் அவள்.
பொருத்துச் சரியில்லாத கதிரைக்கு
எத்தனை தரம் வார்னிஷ் அடித்தென்ன,
குந்திப் பார்த்தால் தெரியும் என்பேன் நான்.
உடனே அந்தக் கள்ளனைக் கொண்டுவருவாள்,
சிலுவையில் பக்கத்தில் தொங்கினவனை.
"அவன் என்னத்தைச் செய்துபோட்டுப் போனான்?
கை ரெண்டும் ஆணியிலதானே கிடந்த?"
அப்போது எனக்குச் சிரிப்பு வரும்.
கை இருந்த காலம்.

இரவில் நித்திரை வராது. எண்ணுவேன்.
கடல் வந்த மார்கழியில்
பதினொரு பெட்டி அடித்தேன், சும்மா.
பலகைக்கு என் அலுமாரியை உடைத்தேன்,
அவளுடைய சீதனக் கட்டிலையும்.
பதினொன்று.
ஒவ்வொரு முறையும் ஏழாவதில் நிற்கும் எண்ணம்.

மூன்றரை அடி அது.
கருவேப்பங்கேணிக்காரி ஒருத்தி
மகளுக்கென்று அளவு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்,
கயிற்றில் முடிச்சுப் போட்டு.
வரப் பிந்திவிட்டாள்.
வானில் வந்த மனிதர் ஐயாயிரம் நீட்டினார்.
அவருக்கும் ஒரு பிள்ளைதான், அதை மறுக்கவில்லை.
வாங்கினேன்.
அவள் வந்தபோது சின்னப் பலகை ஒன்றும் மிச்சமில்லை.
பாயில் சுற்றிக்கொண்டு போனாள்.
கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சுவாமியிடம் சொன்னேன், அந்தத் தபசு காலத்திலேயே.
மன்னிப்புக் கிடைத்தது. உண்மையாகவே கிடைத்தது.
ஆனாலும் பத்து நன்மையை ஒரு பாயில் வைத்தால்
பாய் கிழிகிறது.

போன மாதம் ஒரு இரவில்
அவளிடம் சொல்லிவிட்டேன், இருட்டைப் பார்த்துக்கொண்டு.
கிருபை என்று அவள் சொல்லவில்லை.
ஒன்றுமே சொல்லவில்லை.

சனிக்கிழமை என்னைப் பக்கத்து வீட்டு டொரினிடம் விட்டுவிட்டு
சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு
கல்லடிப் பாலம் தாண்டிப் போனாளாம்.
பொழுதுபட்டு வந்தாள், செருப்பு முழுக்கச் செம்மண்.
"அவ இப்ப அங்க இல்ல.
வவுணதீவுப் பக்கம் மகனோட இருக்காவாம்.
வாற கிழமை பார்ப்பம்."

"எல்லாம் கழுவியாச்சு என்பாயே,
பிறகு ஏன் அலைகிறாய்?"

"கழுவினதுதான்" என்றாள்,
முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி,
"அதாலதானே கால் நடக்குது."

எனக்குப் பதில் வரவில்லை.
சரி என்றும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடச் சண்டை,
ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுக்க முடியுமா?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.
நாளைக்கு வலையிறவுப் பாலத்தால் போகிற பஸ்
ஆறரைக்கு என்கிறாள், மீனைப் பிசைந்துகொண்டே.
கரண்டி கிட்ட வருகிறது.
முள் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை,
பதினாலு மாதமாய் ஒருநாளும் பார்த்ததில்லை.
திறக்கிறேன்.

உப்புக் கொஞ்சம் கூட.
சொல்லவில்லை.