நாலாவது பட்டனுக்கு இடது பக்கம்

கார்த்திகை மழை முழுக்க
மூன்று மென்பொருள்களோடு மல்லுக்கட்டினேன்.

முதலாவது இலவசம்.
முப்பது நாள் வரை நல்ல பிள்ளை.
முப்பத்தோராம் நாள்
மணப்பெண்ணின் நெற்றிக்குக் குறுக்கே
தன் பெயரை எழுதிக்கொண்டது.

இரண்டாவது கொழும்பில் உடைத்த பதிப்பு.
இரவு பஸ்ஸில் கொண்டுவந்தவன்
தேத்தண்ணிக் காசும் கேட்டான்.
தொண்ணூற்றேழு வீதம் வரை எரித்துவிட்டுச்
செத்துப்போகும்.
மிச்ச மூன்று வீதத்தில் என்ன இருந்ததென்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவதில் பலூன் இல்லை,
பனி கொட்டும் மெனு இல்லை,
புறாக்கள் ரிப்பன் இழுக்கவில்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் பலகை,
எதைப் போட்டாலும் ஒரே கேள்வி:
இது முடிந்ததும் எங்கே போவது?
சொல்லாவிட்டால் எங்கும் போகாது.
கறுப்புத் திரையில் அப்படியே நிற்கும்.
அதை வைத்துக்கொண்டேன்.

பழுதான டிஸ்குகளைக்
கத்தரிப் பாத்தியைச் சுற்றிக் கட்டினேன்.
திருகோணமலை மானுக்கு வேலி ஒரு பொருட்டா?
இரண்டு நாள் மிரண்டது.
மூன்றாம் நாள் அதில் முகம் பார்த்துக்கொண்டே
இலை தின்றது.
அந்த டிஸ்கில் இருந்தது
உப்புவெளிப் பூப்புனித நீராட்டு,
பாதி.

தமிழ் அதற்குப் பிடிபடவில்லை.
கொம்பைக் கழற்றி
எழுத்துக்குப் பின்னால் வைத்துவிடும்.
'மோதிரம்' என்று தட்டினால்
யாரோ பல்லுடைந்தவர் சொன்னது போல் வரும்.
வேறொன்றில் எழுதி, படமாக்கி, ஒட்டினால் உடையாது:
இதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள்.

பிறகுதான் பாலையூற்றிலிருந்து மர்லின் வந்தாள்.
ஐந்து டிஸ்க். ஒன்று கனடாவுக்கு.
அங்கத்தைய டிவிக்கு நொடிக்கு முப்பது படம்,
எங்களுக்கு இருபத்தைந்து என்றேன்.
"மிச்சம் அஞ்சுக்கு எங்க போவீங்கள்?"
"இருக்கிறதையே திருப்பிக் காட்டும்."
கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள்.
போனை நீட்டினாள். நாற்பது செக்கன்.

கோயிலுக்குப் பின்புறம்.
வெள்ளைச் சட்டை, கையில் சப்பாத்து.
"ஜெரோம், உனக்கொரு கதிரை போட்டனான்.
அப்பா எடுக்கச் சொன்னவர்.
நான் எடுக்கேல்ல."
கமரா திரும்பி
கதிரையில் முடிகிறது.

"அண்ணாக்கு மட்டும். அப்பா பாக்கக்கூடாது."

நிறமில்லாத பட்டன் ஒன்று செய்யலாம்.
அதைப் படிக்க இரண்டு இரவு,
ஒரு பெட்டி நுளம்புத்திரி.
நாலாவது 'கேக்'. அதில் நின்று இடது அம்பு.
ஒன்றும் மின்னாது. பயப்படாமல் ஓகே.
துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த மெனுவையே மற்ற நாலுக்கும்
பிரதியெடுத்தது என் பிழை.
நான் கவனிக்கவேயில்லை.

தை பிறந்து, வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்த ஒரு நாள்
சந்தியாப்பிள்ளை கடைக்கு வந்தார்.
பேப்பரில் சுற்றிய டிஸ்க்.
ஒரு கண்ணில் வெண்படலம்.
றிமோட்டில் எல்லாவற்றையும் அமத்துகிற
தடித்த பெருவிரல்.

"கேக்குக்குப் பக்கத்தில ஒண்டு இருக்கு."

ஏச்சுக்குத் தயாராக எழும்பி நின்றேன்.

"மனுசிக்கு ஒவ்வொரு தரமும்
நான்தான் தேடிக் குடுக்க வேண்டிக்கிடக்கு.
தெரியிற மாதிரிப் போடேலாதோ?"

என்ன பெயர் போட என்று கேட்டேன்.
பேனையை வாங்கினார்.
மின்சார பில்லின் முதுகில் மெதுவாக எழுதினார்.
ஜெ-க்கு ஒரு கொம்பு,
ரோ-வுக்குச் சுழித்த கொம்பு,
இரண்டும் எழுத்துக்கு முன்னால், தத்தம் இடத்தில்.
எழுத்துருவை நம்பாமல்
பில்லையே ஸ்கேன் பண்ணினேன்.

பலகை வழமையான கேள்வியைக் கேட்டது.
"என்ன கேக்குது?"
"முடிஞ்சதும் எங்க போறதெண்டு."
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"போக வேண்டாம்.
கதிரையில நிக்கட்டும்."

எரிக்கத் தொடங்கினேன்.
அறுபத்தொரு வீதத்தில் கரண்ட் போனது.
நாளைக்கு வாருங்கோ என்றேன்.
வெளியே துறைமுகப் பக்கம் மட்டும் வெளிச்சம்.
அவர் எழும்பவில்லை.