செவிமடுக்கும் துறை

ஐஸ் கொம்பனிக்கு மூன்று கொம்பியூட்டர் வந்த கிழமை
என்னை நெல்லியடிக்கு அனுப்பினார்கள்.
பேக்கரிக்கு மேல்மாடி, பத்து நாள் பயிற்சி.
பாண் வேகும் வாசத்துக்குள் நின்று
கணினி என்றால் என்னவென்று தொடங்கினான் டிலக்சன்.
என் மகனிலும் இரண்டு வயது குறைவு.

விழுந்தால் உடைவது வன்பொருள்,
விழாமலே உடைவது மென்பொருள்.
நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு;
கரண்ட் போனதும் மறந்துபோவது முதலாவது.
கரண்ட் போவதைப் பற்றி எங்களுக்கு
ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

பட்டையகலம் விளங்கவில்லை என்றா தபால்கந்தோர் குணநாயகி.
பங்குக் கிணறு என்றேன் நான்.
ஆறு வீட்டுக்கு ஒன்று. நாலாம் வீட்டுக்காரன் மோட்டரைப் போட்டால்
மற்ற ஐந்தும் வாளியோடு நிற்கும்.
டிலக்சன் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் துறை.
கணினிக்கு முகவரி ஒன்றுதான்,
துறைகள் அறுபத்தையாயிரத்துச் சொச்சம்.
கடிதத்துக்கு ஒன்று, இணையப் பக்கத்துக்கு இன்னொன்று,
செவிமடுத்தபடி காத்திருக்குமாம்;
பொதிகள் எண் பார்த்துக் கரை சேருமாம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பருத்தித்துறையில் பிறந்து
வல்வெட்டித்துறையில் வாழ்க்கைப்பட்டு
காங்கேசன்துறை பூட்டிக் கிடந்த காலத்தில்
ஊர்காவற்துறையில் மீன் கணக்கு எழுதினவள்.
திறப்பதும் பூட்டுவதும் துறைக்காரர் கையில் இல்லையென்று
பாடம் வர முன்னமே தெரியும்.
“ஆர் தீர்மானிக்கிறது?”
“நிர்வாகி.”
“அவர் எங்கை இருக்கிறார்?”
“எங்கையும் இருக்கலாம், அக்கா.”

அன்று பின்னேரம் பிங்.
முதலில் உங்களையே கூப்பிடுங்கோ என்றான்.
நூற்றிருபத்தேழு, பூச்சியம், பூச்சியம், ஒன்று.
எந்தக் கணினிக்கும் அது தன் சொந்த வீடு.
ஒரு மில்லி செக்கனுக்குள்
நானே எனக்கு ஓம் என்றேன்.
பிறகு பக்கத்து மேசை.
நாலு தரம் கூப்பிட்டேன். நாலு தரமும்
கோரிக்கையின் நேரம் கடந்துவிட்டது.
ஆள் இல்லையோ என்று எட்டிப் பார்த்தால்
குணநாயகி அங்கேதான், வடை தின்றபடி.

அவன் சோக்கட்டியை வைத்துவிட்டு இருந்தான்.
மூடிய துறை, மூடியிருக்கு என்று பதில் அனுப்பும்.
அது மறுப்பு. மறுப்பும் ஒரு பதில்.
தீச்சுவர் அப்படியில்லை,
வந்த பொதியை வாங்கும், ஒன்றும் சொல்லாது,
கீழே போட்டுவிடும்.
அனுப்பினவருக்கு
ஆள் இருக்கிறாரா, இல்லையா,
இடையில் வயர் அறுந்ததா, ஒன்றும் தெரியாது.

உறுதி எழுதிப் பங்கு பிரித்த வருடம்
வேலி கிணற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
தம்பியும் நானும் கதையை நிறுத்தினோம்.
ஒன்பது வருடம். மொன்றியலில் இருக்கிறான்.
தைப்பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவேன்.
ஒற்றைச் சரி விழும், இரட்டைச் சரி விழும்,
நீலமாகாது.
இவ்வளவு நாளும் அதை மறுப்பு என்று நினைத்திருந்தேன்.
சொல் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

டிலக்சன் குணநாயகியின் திரையில் எதையோ அனுமதித்தான்.
பதில். பதில். பதில். பதில்.
“அவ்வளவுதானா?”
“அந்தப் பக்கத்திலை இருந்துதான் செய்யோணும், அக்கா.
இஞ்சையிருந்து ஏலாது.”

திங்கட்கிழமை கந்தோரில் மூன்றும் ஊமை.
ரவுட்டரில் ஒரு வெளிச்சம்கூட இல்லை.
முகாமையாளர் கொழும்புக்குப் போன் எடுக்க
நான் மேசைக்கடியில் குனிந்தேன்.
மின்விசிறி போட ஆரோ பிளக்கைக் கழற்றியிருந்தார்கள்.
செருகினேன்.
பச்சை, விட்டு விட்டு, எரியத் தொடங்கியது.
ரெண்டு மணிக்கு லொறி,
நூற்றுப்பத்து ஐஸ் பாளத்துக்குப் பில் அடிக்க வேண்டும்.
மூன்று கணினியின் முகவரிகளையும்
கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்தேன்.
அவற்றுக்குக் கீழே, ஏனென்று தெரியாமல்,
மொன்றியல் நேரத்தையும்:
அங்கே இப்போது சாமம் இரண்டரை.