இரண்டாம் தரம்

வெள்ளிக்கிழமை தோறும்
புகைக்கூடத்து அடுப்பை வழித்து
இரண்டு வாளி ஆல்டர் மரச் சாம்பல்
போடில் கோஃபோட் வீட்டுப் பின்வாசலில் வைப்பேன்.
முதல் தடவை காசு வேண்டாம் என்றேன்.
"அப்படியானால் இந்தா" என்று
விளிம்பு கோணிய தட்டொன்றைத் தந்தாள்.
இருபத்தாறு வருஷமாக
இந்தக் கணக்குத்தான்.

கோடையில் போர்ன்ஹோல்ம் தீவுக்கு வருகிறவர்கள்
ஹெர்ரிங் மீன் வரைந்த கோப்பை கேட்பார்கள்.
"மீனா, அவரிடம் கிடைக்கும்" என்று
என் பக்கம் கைகாட்டிவிடுவாள்.
அவள் போடுவது கோடு.
இரும்புக் கருப்பில், ஒரே மூச்சில்,
கிண்ணத்தின் தோளில் தொடங்கி
வயிற்றில் எங்கோ நின்றுவிடும் கோடு.

களிமண்ணுக்கு வருமுன்
படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்,
ஸ்வானெகே துறையில், பலகை கட்டித் தொங்கியபடி.
'மார்கிட்', 'வாடை', 'கடன் தீர்ந்தது'.
வளைந்த மரத்தில் எழுத்து நேராகத் தெரிய
கொஞ்சம் கோணலாக எழுத வேண்டும்;
அது பிடிபட எட்டு வருஷம் ஆனதாம்.
முப்பத்துநான்கு வயதில் சக்கரத்தில் உட்கார்ந்தபோது
கைக்குத்தான் மண் புதிது.
வளைவு பழையது.

தேன்மெழுகு தொட்ட தூரிகையால்
முதலில் இழுத்துவிடுவாள்.
பிறகு சாம்பல் கரைசலில் முழுக்க முக்குவாள்.
மெழுகு போன வழியில் எதுவும் ஒட்டாது.
'வெறுமையை வரைகிறார்' என்று
கோபன்ஹேகன் பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டு போனார்.
அன்று முழுக்க அவள் பேசியது ஒன்றுதான்:
"மெழுகு ஆறிப்போச்சு, அடுப்பை ஏற்று."

ஒரு நவம்பர்.
உணவகம் ஒன்றுக்கு நூற்றிப் பன்னிரண்டு கிண்ணங்கள்.
சூளையின் துளையில் கண் வைத்துப் பார்த்தால்
வெப்பக் கூம்புகள் மூன்றும்
குடித்தவர்கள் மாதிரிப் படுத்துக் கிடந்தன.
ஆயிரத்து இருநூற்று எண்பதைத் தாண்டி எவ்வளவு தூரம் போனதோ.
கோடுகள் எல்லாம் வழுக்கி இறங்கி
அடித்தட்டோடு ஒட்டிப் பாறையாகிவிட்டன.
இரண்டு நாள் உளி பிடித்தோம், நானும் அவளும்.
அழவில்லை. வாய் மட்டும் மாலுமி வாய்.

ஒன்று தப்பியது.
அதில் கோடு பாதி வழியில் கரைந்து
பச்சைத் துளியாய்க் காலடியில் தொங்கிக்கொண்டிருந்தது.
குளிர்காலம் முழுக்க ஜன்னலில் அது இருந்தது.
மார்ச்சில் சக்கரத்துக்குத் திரும்பியவள்
கோட்டைப் பாதியில் நிறுத்தத் தொடங்கினாள்.
"மீதியை அது போட்டுக்கொள்ளட்டும்."

அடியில் கையெழுத்து கிடையாது.
அருங்காட்சியகம் கடிதம் போட்டுக் கேட்டது.
எத்தனையோ படகுக்குப் பெயர் எழுதினேன்,
ஒன்றாவது என் பெயரில் மிதந்ததா
என்று பதில் போட்டாள், அஞ்சலட்டையில்.

அங்கிருந்து ஒரு பெண் போன மாதம்
என் சமையலறைக்கு வந்தாள்.
வெள்ளை உறை மாட்டிய கையால்
நாற்பத்தொரு தட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதில் குறை எங்கே?"
எனக்கும் தெரியவில்லை.
ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் போடிலிடம் கேட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள்,
"இரண்டாம் தரம்தான்.
உன் சாம்பலைச் சரியாகச் சலிப்பதில்லை நீ."

இன்று ராத்திரி கம்பு ரொட்டி, மீன், வெங்காயம்.
முள்ளை ஒதுக்கினால்
தட்டில் இரண்டு கோடுகள்.
ஒன்றை முள்கரண்டியால் சுரண்டினேன்; அசையவில்லை.
மற்றதைத்
தின்றுவிட்டேன்.