கோப்பின் முதுகில் எழுத

ஏழு மாதமாய்ப் பெயரில்லாமல்தான் ஆடினோம்.
பீடோங்கில், மூடிப்போன வீடியோ கடையின் மாடியில்,
சனிக்கிழமை இரவு
பாசார் மாலாம் கூடாரங்களை மடிக்கும் நேரத்துக்கு.

உலகம் என்னுடையது.
செம்பனைக் குலை எடைச்சீட்டுகளின்
பின்பக்கத்தில் வரைந்தது.
மலைகள் இருக்கும் இடத்தில்
முன்பக்கத்து எண்கள் கொஞ்சம் ஊறித் தெரியும்:
இரண்டு டன் நானூறு, ஒரு டன் தொள்ளாயிரம்.
அந்த நாட்டில் மரங்களுக்கெல்லாம் நம்பர் உண்டு.
விடிகாலைப் பெரட்டில்
செக்ரோலில் ஒரு பெயரை அடித்தால்
அந்த ஆள் செருப்பை மட்டும் விட்டுவிட்டு
இல்லாமல் போவான்.
செக்ரோல் ஒரு கிராணியிடம் இருக்கிறது.
கிராணிக்கு முகம் இல்லை.
நல்ல கையெழுத்து இருக்கிறது.

எல்லாம் சேர்ந்து கோப்பு தடித்துவிட்டது.
முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி வந்திருந்தேன்.
"இன்னைக்குப் பேர் வச்சாத்தான்
பகடை வெளிய வரும்" என்றேன்.

முகிலரசு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியன்,
மோனை இல்லாமல் தே ஓ கூடக் கேட்கமாட்டான்.
'மறந்த மரங்களின் மறவர்கள்' என்றான்.
"யாரு மறவர்?
நான் திருடி. நீ கடன்கார மந்திரவாதி.
பூய் யீ பாதி நேரம் கரடி" என்றாள் ஷர்மினி.
அவள் சொன்னது 'இரத்தக் கிரீடம்'.
பல் கிளினிக்கில் தாதியாக இருந்துகொண்டு
இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
"எத்தனை வெள்ளி, எந்தப் பல்லுக்கு?" என்று
ஆரம்பித்தவர்கள் பத்து நிமிடம் நிறுத்தவில்லை.

'ஒன்பது வாயில்களின் சாபம்' என் ஆசை.
ஆறுதான் எழுதியிருக்கிறேன் என்பதைக்
கோப்பைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பூய் யீக்கு ஒரே நிபந்தனை:
ழ வேண்டாம்.
முகிலரசு உடனே அடுக்கினான்:
ஊழ், ஆழி, பாழ், நிழல் நாழிகை.
ஒவ்வொன்றையும் சுடச்சுட பீசாங் கோரேங் போல
வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு
அவன்மேல் ஒரு கெரோப்போக்கை எறிந்தாள்.

யுகேந்திரன் பேசவில்லை.
குலை லாரி ஓட்டுகிறவன்,
விரலில் ஏறிய முள்ளைப் பல்லால் தேடிக்கொண்டிருந்தான்.
போன சனிக்கிழமை பாலத்தில் அவனுக்கு
ஒன்று விழுந்தது.
இருபது முகமுள்ள பகடையில், ஒன்று.
அவனுடைய தாளைக் கோப்பின் கடைசியில்
செருக வேண்டும். இழுத்தேன்.
கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டான்.

முதல் நாள் கேட்டிருந்தான்,
பெயர்க் கோட்டில் என்ன எழுதுறது என்று.
அப்புறம் எழுது என்றேன்.
'அப்புறம்' என்று எழுதினான்.
அழிக்கவே இல்லை.

அப்புறம் கதவைத் திறந்தான்.
அப்புறம் காயத்துக்கு இலை வைத்துக் கட்டினான்.
அப்புறம் கிராணியின் ஆட்கள் வரும் சத்தம் கேட்டு
விளக்கை ஊதினான்.
பாலத்துக் கயிறு நான்கு பேரைத் தாங்காது என்றேன்.
அப்புறம் கையை விட்டான்.

ஒவ்வொரு வாரமும் நான் நிறுத்தும் இடத்தில்
நால்வரும் ஒரே குரலில் கேட்பதும் அதைத்தான்.
சாப்டியாவை விட்டால்
பூய் யீக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.
தாளின் மேல் விரலை வைத்தாள்.
"இனி லா" என்றாள்.
மலாயில் அதற்கு இதுதான் என்று பொருள்.
முகிலரசுவின் காதில் தமிழாக விழுந்திருக்கவேண்டும்.
"அது பெயர்ச்சொல்லே இல்லையே" என்று இழுத்தவன்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மார்க்கரால் எழுதினேன்.
முதுகு ஒடுக்கம். கடைசி ம்முக்கு
புள்ளி வைக்க இடம் கிடைக்கவில்லை.

"நான்தான் செத்துட்டேனே,
அடுத்த சனி வரணுமா?" என்றான் யுகேந்திரன்.
"கறிபாப் யார் வாங்கிட்டு வருவா?" என்றாள் ஷர்மினி.
புதுத் தாள் ஒன்றை நீட்டினேன்.
வலிமை எழுதினான். வேகம், அறிவு எழுதினான்.
பெயர்க் கோட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

கீழே கடைசிக் கூடாரக் கம்பிகள்
லாரியில் விழுந்தன.
ஷர்மினி பகடையை உள்ளங்கையில் குலுக்கத் தொடங்கினாள்.
நான் கிராணியின் பேனாவைத் திறந்தேன்.