நாலில் மட்டும் அடங்கும்

இறக்கக்கண்டிப் பாலம் ஏறும்போதுதான் தொடங்கும்.
அரிசியில் கல்லைக் கடித்த சத்தம் அல்ல,
பல் உடைந்தால்தான் அது வரும்.
இது உருளும்.
தகர டப்பாவில் புளியங்கொட்டை போட்டு
நித்திரை கொள்ளாத பிள்ளை ஒன்று
உருட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி.

ஒன்றில் கேட்கும். இரண்டில் கேட்கும்.
மூன்றில், ஐஸ் பெட்டி நிறைந்திருந்தால்,
பக்கத்துச் சீட்டின் பேச்சை விழுங்கும்.
நாலுக்குப் போட்டால் அடங்கும்,
வாத்தியார் நுழைந்த வகுப்பாக.

ஞாயிறு.
கச்சான் காற்று உப்புவெளி மணலை
முற்றத்துக்குள் அள்ளிக் கொட்டுகிறது.
ஜீப்பின் கீழே கார்ட்போர்ட் மட்டை,
மட்டையின்மேல் நான்.
நீள ஸ்குரூடிரைவரின் நுனியை கியர்பொக்ஸில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் அழுத்தி,
"மச்சாள், கிளச்சை மிதி."

மிதித்தாள் யசோமதி. நின்றது.
"விடு." முனகியது.
"மிதி." நின்றது.

அப்ப, கிளச் பெயாரிங் இல்லை.
அது மிதித்தால் அழுகிற சாதி;
இது காலை எடுத்தால் அழுகிறது.
நாலில் பாரம் நேராகப் போய்விடும்,
கீழ்த்தண்டுக்கு வேலையில்லை.
சும்மா சுழன்றால் முனகல், சுமந்தால் அலறல்.
"கீழ்த்தண்டின் பின் பெயாரிங். பந்தயம்?"
"என்ன பந்தயம்?"
"ஒரு கிலோ பாரை."
"உன்னட்டை இருக்கிறது முழுக்க மீன்தானே."

ஊற்றுகிற நட்டை முதலில் திறக்க வேண்டும்,
வடிக்கிற நட்டு பிறகு.
மாறிச் செய்து, மேல்நட்டு மறுத்து,
என் பழைய லொறி வெறும் வயிற்றோடு
மூன்று நாள் கிடந்தது.

தேன் நிறத்தை எதிர்பார்த்தேன்.
வந்தது பால்தேத்தண்ணி.
கரைவலை இழுக்க அலைக்குள் இறக்கிய நாள்கள்:
சூடேறிய பெட்டி குளிர்தண்ணியில் நின்றால்
மூச்சை உள்ளுக்கு இழுக்கும்.
மூச்சுக்குழாயில் மண்.
சீல் வழியாகக் கடலைக் குடித்திருக்கிறது.

காந்த நட்டில் சாம்பல் பசை: வயது, பரவாயில்லை.
பசைக்குள் ஊசியாய் இரண்டு சில்லு: நோய்.
பிறகு, விரலுக்கிடையில் நெருடிய இன்னொன்று.
பிசைந்தேன். முகர்ந்தேன்.
மரத்தூள்.

யசோமதி குனிந்து பார்த்தாள்.
"இதுக்குள்ள ஆர் தச்சன் இருந்தவன்?"

கந்தளாயில் விற்ற மனுசன்.
"கேளுங்கோ தங்கச்சி, பூனை மாதிரி" என்று
மூன்றிலேயே ஓட்டிக் காட்டியவர்.
தூள் அரைபடும் வரைக்கும் பூனை.

டீசலால் இரண்டு தரம் கழுவி
மலிவு ஒயிலை ஊற்றி வெளியே எடுத்தோம்.
சத்தம் இரட்டித்தது. உள்ளபடி.
யசோமதி கந்தளாய் நம்பரை அழுத்தி
கைபேசியை கியர் கம்பியோடு பிடித்தாள்.
"ஹலோ? ஹலோ? என்ன சத்தம் அது?"
"பூனை."
வைத்துவிட்டார்.

புதன் இரவு பஸ்ஸில் பெயாரிங் வந்தது,
ஆரோ வாங்கிய கச்சான் அல்வாவின் வாசத்தோடு.
பெட்டியை இறக்க இருவர் போதவில்லை;
அடுத்த வளவு ரிஸ்மி ட்ராலி ஜாக்கோடு வந்தான்.
பழையதைக் கழற்றினால்
குண்டுகள் முழுக்க அம்மைத் தழும்பு.
பந்தயப் பாரை எனக்கு. தின்றது மூவரும்.

கடையில் ஜீ.எல். ஐந்தை நீட்டினார்கள், விலை கூடினது, நல்லதாம்.
நாலைத் தாருங்கோ என்றேன்,
உள்ளே பித்தளை வளையம் இருக்கிறது,
ஐந்து அதை அரிக்கும்.
ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு
தட்டின் பின்னாலிருந்து எடுத்தார்கள்.

மூச்சுக்குழாய்க்கு ரப்பர் குழாய் மாட்டி
பொனட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன்.

உவர்மலை ஏற்றம். மூன்றில். பெட்டி நிறைய ஐஸ்.
ஒன்றும் கேட்கவில்லை.
யசோமதி கதைத்துக்கொண்டே வருகிறாள், சீட்டுக்காசு பற்றி,
ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது.

பாதி ஏற்றத்தில் ஓரங்கட்டினேன்.
மதில் பக்கம் ஒரு மான் போஸ்டரை மென்றபடி பார்த்தது.
கீழே நுழைந்து, மேல்நட்டைத் திறந்து,
சுண்டுவிரலை விட்டு எடுத்து முகர்ந்தேன்.

ஒயில்.
வெறும் ஒயில்.