டீ பிரேக், பத்து நிமிஷம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் டீக்கு மணி அடித்ததும்
கோட்டீஸ்வரிதான் ஆரம்பித்தாள்:
"கத்தக் கூடாதுடி, பலமெல்லாம் பூடும்."
நஸீமா சிரித்தாள்.
மூன்று பிரசவத்திலும்
பக்கத்து வார்டு வரை கேட்ட குரல் அது.
"நர்ஸம்மா திட்டுச்சி. நானும் திட்டனேன்."

ஆபரேஷன் என்றால் நோகாது என்பது
அறுபடாதவர்கள் சொல்வது, என்றாள் எலிசபெத்.
வேலூருக்கு ஆம்புலன்ஸில் போகையில்
பள்ளிகொண்டா டோல்கேட்டில்
வண்டி நின்றது மட்டும் ஞாபகமாம்.
வெளியே ஒருவன் வெள்ளரிக்காய் விற்றான்,
அந்த வலியிலும்
ஒன்று வாங்கித் தின்ன ஆசையாக இருந்ததாம்.

ஏழு மாத வயிற்றோடு
பிஸ்கட்டை நனைத்தபடி
எல்லோர் வாயையும் பார்க்கிறாள் சத்யகலா.
பாதி பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது.

நான் செக்கிங் டேபிள்.
இஞ்சுக்கு எட்டுத் தையல் இல்லையென்றால்
திருப்பி அனுப்புகிறவள்.
என் அடிவயிற்றில் போட்டதை
ஒருநாளும் எண்ணியதில்லை.
ஆறு வருஷமாகிறது,
அந்த இடம் இன்னும் மரத்தே கிடக்கிறது.
கிள்ளினால்
வேறு யாரையோ கிள்ளுவதுபோல.

சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
மணி அடித்துவிட்டது.
"நீ ஒண்ணும் சொல்லலியேக்கா" என்றாள் சத்யகலா,
தம்ளரை நீட்டியபடி.

"இடது பக்கமா ஒருக்களிச்சிப் படு" என்றேன்.