ஏற்றுமதிக்கு ஆகாதவை

மச்சாலாவில் மழை விடவில்லை.
எலெயுத்தேரியோவின் கையில் பட்டையைச் சுற்றிக்
காற்றடிக்கிறாள் நர்ஸ் யஹாய்ரா.
நூற்று எழுபது.
குலை ஏறும்போது தோளும்
இப்படித்தான் இறுகும் என்கிறான்.

உப்பைக் குறை,
பொட்டாசியம் சேர்.
அது எந்தக் கடையில்?
சன்னலுக்கு வெளியே விரல் நீட்டுகிறாள்:
லாரி நிறைய, பச்சைப் பச்சையாய்,
ராட்டர்டாம் போகிற பெட்டிகள்.

முப்பது வருடம் சுமந்தவன்
சிரித்த சிரிப்பில்
மறுபடி அளக்க வேண்டியதாயிற்று.
சிறுநீரகச் சோதனைத் தாள் வரட்டும்,
அதுவரை அளவாய்த் தின்னு என்றாள்.

சாயங்காலம்,
கோணல் என்று ஒதுக்கிய குவியலில்
மாடுகளுக்கு முந்தி
பழுத்த ஒன்றைப் பொறுக்கிக்
கால்சட்டையில் துடைக்கிறான்.

இனிக்கத்தான் செய்கிறது.
ஆனாலும்
ராத்திரி மேரி பொரித்துவைக்கும் வாழைக்காயை,
அந்த உப்பில்லாத குற்றத்தை,
இன்னும் அவன் மன்னிக்கவில்லை.